மூன்றாவது தட்டல்

"கூட்டம், படத்தைப் பாத்துப் பேசுங்க! தரையில என்ன, எறும்பா ஊர்வலம் போகுது?"

ஹெட்போனுக்குள் மேடத்தின் குரல் வெடித்தது. கூட்டம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்திலேயே மறுபடியும் குனிந்துகொண்டார்.

கூட்டம் என்றதும் பத்துப் பேரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஒரே ஒரு ஆள்தான். ஒல்லி உடம்பு, நாற்பத்தொன்பது வயது, முன்மண்டையில் முடி ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்த நேரம்.

"பாத்துட்டுத்தான் மேடம் பேசறேன்."

"அப்படியா? படத்துல அவன் தண்ணி குடிக்கறான். நீங்க 'ஊரைக் காப்பாத்தணும்'ங்கறீங்க. தண்ணிக்குள்ள முங்கியா பேசறான்?"

"இன்னொரு தடவை போகலாம் மேடம்."

"இதுவே பதினோராவது தடவை!"

அது வெளிநாட்டுப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கும் சின்ன ஸ்டூடியோ. மொத்தமே இரண்டு அறை. ஓர் அறையில் மைக், வசனத் தாள் வைக்கும் ஸ்டாண்ட், எதிர்ச்சுவரில் ஒரு பெரிய டிவி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கொண்டையில் பென்சில் செருகிய மேடம். யார் யார் எப்படிப் பேச வேண்டும் என்று ஆட்டி வைக்கிறவள் அவள்தான். இன்னொன்றில் ஒலிப்பதிவு செய்யும் மலை. அந்த உடம்பைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது. அவர்களும் கண்ணாடி வழியாக அதே டிவியைத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது தொழிலால். இருபத்திரண்டு வருடமாக அவர் கொடுத்ததெல்லாம் கூட்டக் குரல்தான். 'ஓடுங்க, ஓடுங்க!', 'ஐயோ, அணை உடைஞ்சிடுச்சு!', 'மன்னர் வாழ்க!' இவையெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. ஒரே ஆள், கிழவர் போலவும் இளவட்டம் போலவும், கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் இருமுவாரே, அவர் போலவும் கத்துவார். அவர் தனியாக வாசலில் நுழைந்தாலே காவலாளி உள்ளே பார்த்து, "கூட்டம் வந்தாச்சு" என்பார். ஆனால் திரையில் அவர் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. மழைத்துளிக்குத் தனித்தனியாகப் பெயர் வைப்பார் உண்டா?

அப்படிப்பட்டவருக்கு செவ்வாய்க்கிழமை ஒரு போன் வந்தது. வழக்கமாகக் கதாநாயகனுக்குப் பேசும் ஆளுக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வருகிறதாம்.

"மூணே நாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு சேனல் ஆள் வந்து வாங்கிட்டுப் போவாங்க" என்றாள் மேடம். "இது நல்லா வந்தா, இதே மாதிரி இன்னும் பன்னெண்டு பழைய படம் வரிசையா இருக்கு. எல்லாத்துலயும் ஹீரோ நீங்கதான். திரையில பேரு போடுவாங்க. சொதப்பினா, மறுபடியும் மன்னர் வாழ்கதான். சம்மதமா?"

"சம்மதம் மேடம்! சம்மதம்!"

என்ன படம் என்று கேட்டுவிட்டல்லவா சம்மதம் சொல்லியிருக்க வேண்டும்? புதன்கிழமை காலை டிவியில் முதல் காட்சி ஓடியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

அதே படம்.

கறுப்பு வெள்ளைப் படம். வானத்திலிருந்து அவர்கள் வருவார்கள். மற்றப் படங்களில் வருகிறவர்களைப் போல நெருப்பைக் கக்க மாட்டார்கள், கட்டடத்தை இடிக்க மாட்டார்கள். சத்தமில்லாமல் ஒரு சின்ன ஊரில் இறங்கி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் மூன்று தடவை தட்டுவார்கள். டொக். டொக். டொக். திறந்தவர் மறுநாள் இருக்க மாட்டார். தட்டுகிறவரின் முகத்தைப் படம் முழுக்கக் காட்டவே மாட்டார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகன் வீட்டுக் கதவு தட்டப்படும். அவன் திறப்பான். அப்போதுதான் அந்த முகம்.

ஏழு வயதில் அக்காவோடு தியேட்டரில் இந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. கடைசிக் காட்சியில் முதல் தட்டலுக்கு அக்காவின் கையைப் பிடித்தார். இரண்டாவது தட்டலுக்குக் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். மூன்றாவது தட்டல் கேட்டபோது சீட்டுக்கு அடியில் இருந்தார். விளக்கு போட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

கதவுக்குப் பின்னால் நின்றது என்ன என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் வினை. தெரிந்த பயத்துக்கு ஓர் அளவு உண்டு. தெரியாத பயம் நம்மோடு சேர்ந்து வளரும். எட்டு வயதில் அந்த முகத்துக்குக் கணக்கு வாத்தியாரின் கண்கள் இருந்தன. இருபதில் அதற்கு நகம் முளைத்தது. முப்பதில் ஒரு பல் டாக்டரிடம் போய் வந்த பிறகு, நெற்றியில் விளக்கும் வந்து சேர்ந்தது. நாற்பத்திரண்டு வருடமாக ஒரு முகத்தைச் சீராட்டி வளர்த்திருக்கிறார், பாவம்.

இப்போது வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கதவு திறக்கும்போது, அவர் அதை நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டும். அதை நினைத்தால், தண்ணீர் குடிக்கும் காட்சியில்கூடக் கண் தானாகத் தரைக்குப் போனது.

புதன் மதியம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தை டிவி முழுவதையும் மூடி ஒட்டினார். கதாநாயகனின் வாய் வரும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை வெட்டினார்.

"இது என்ன எலி வளை?" என்றாள் மேடம்.

"உதட்டை மட்டும் பாத்தா மனசு ஒருமுகப்படும் மேடம். உதடு கச்சிதமா ஒட்டும்."

"எங்களுக்குப் படமே தெரியலையே!"

"அண்ணே சொல்றாருல்ல, ஒரு தடவை பாத்துடலாம் மேடம்" என்றார் மலை.

முதல் இரண்டு வசனம் அருமையாக வந்தது. மூன்றாவது வசனத்தில் ஓட்டைக்குள் உதடு காணாமல் போனது. கூட்டம் பதறினார். ஒரு கணத்தில் மறுபடியும் ஒரு வாய் வந்தது. கொஞ்சம் பெரிய வாயாகத் தெரிந்தது. மேலே யோசிக்க நேரமில்லை. அது அசைய அசைய, குரலில் குழைவைக் கூட்டி, "அன்பே, உன்னை விட்டு நான் எங்கே போவேன்? கலங்காதே!" என்றார்.

ஹெட்போனில் ஒரு விக்கல் சத்தம் கேட்டது. மலைதான்.

"அண்ணே... அது குதிரைண்ணே."

மேடம் கண்ணாடி அறையிலிருந்து புயல் போல வந்து காகிதத்தைக் கிழித்தாள். கதாநாயகன் எப்போதோ நாயகியோடு ஓரத்துக்குப் போய்விட்டான். நடுத்திரையில் ஒரு குதிரை நிதானமாகப் புல் மென்றுகொண்டிருந்தது.

காகிதத்தைக் கூட்டி அள்ள வந்த தரை துடைக்கும் அம்மா, "பரவால்லீங்க, குதிரைக்குக் குரல் பொருத்தமாத்தான் இருந்துச்சு" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கேட்டுக்கொண்டே வந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இருங்க, இருங்க. இத்தனை வருஷமா கதவைத் தட்டாதே, 'நான்தான்'னு குரல் கொடுத்துட்டு வான்னது இதுக்குத்தானா?"

"அது வந்து..."

"தட்டற சத்தம் பட்டா தொண்டை கட்டிக்கும், எங்க தொழிலுக்கு ஆகாதுன்னீங்களே! எங்கம்மா வீட்டுல ஒருத்தர் விடாம சொல்லி வெச்சிருக்கேன். எங்கப்பா இன்னிக்கும் நம்ம வாசல்ல நின்னுக்கிட்டு, 'மாமனார் வந்திருக்கேன்'னு தானே கூவறாரு!"

"சிரிக்காதேம்மா. வெள்ளிக்கிழமை நான் அந்த மூஞ்சியைப் பாத்தாகணும். பாக்கலேன்னா வேலை போச்சு. பாத்தா உயிர் போச்சு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பாக்கவும் வேணாம், பாக்காமயும் இருக்க வேணாம். நாளைக்கு ஒண்ணு தர்றேன் பாருங்க."

மறுநாள் காலை அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு மூக்குக்கண்ணாடி. யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போனதாம். சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து மாட்டியதுபோல அவ்வளவு கனம். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எதிரே நிற்கும் மனைவியே மேகம் மாதிரி தெரிந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டா எந்த மூஞ்சியா இருந்தா என்ன? எல்லாம் மொழுமொழுன்னு ஒரே மாவுருண்டைதான்."

கூட்டத்துக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. கண்ணாடியோடு போனதில் நிலைப்படிதான் தட்டுப்பட்டது. அதன் காலில் விழுந்தார்.

வியாழக்கிழமை முதல் காட்சி. டிவியில் வெளுப்பாக ஏதோ அசைந்தது. பயமே இல்லை. நிம்மதியாக மூச்சை இழுத்துக்கொண்டு வசனத் தாளைப் பார்த்தார். அங்கேயும் மேகம்தான். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. மூக்குத் தாளில் உரசுகிற அளவுக்குக் குனிந்து, அகப்பட்ட வரியை உருக்கமாகப் பேசினார்:

"கண்ணீருடன், சற்றே தயங்கி, ஜன்னல் பக்கம் திரும்பியபடி!"

மேடம் கொண்டையிலிருந்த பென்சிலை உருவினாள். "கூட்டம், அது வசனமில்ல. வசனத்தை எப்படிப் பேசணும்னு நான் எழுதி வெச்ச குறிப்பு."

"மன்னிச்சிடுங்க மேடம். ஒரு வேகத்துல..."

"என்ன கண்ணாடி அது? நேத்து வரைக்கும் இல்லையே?"

"வயசாகுது மேடம்."

"ஒரே ராத்திரியிலயா?"

அடுத்த காட்சிக்குள் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டார். ஆனால் மனைவி சொன்ன மாவுருண்டை யோசனையில் ஒரு பெரிய பிசகு இருந்தது. கண்ணாடி அந்த முகத்தை மட்டுமா அழித்தது? படத்தில் இருந்த எல்லார் முகத்தையும் அழித்துவிட்டது. கடைக்காரருக்கு முகமில்லை. நாயகிக்கு முகமில்லை. ஊரே முகமில்லாமல் நடமாடியது. கூட்டம் மைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினார். அப்போது திரையின் மூலையிலிருந்து உயரமாக, வெள்ளையாக, கை கால் எதுவுமில்லாமல் ஒன்று அசைந்து அசைந்து நேராக அவரை நோக்கி வந்தது.

அவர் அலறினார்.

கூட்டக் குரலில் எத்தனையோ தடவை அலறியிருக்கிறார். அது வேறு. இது அடிவயிற்றில் நாற்பத்திரண்டு வருடம் கிடந்து ஊறிய அலறல். மலையின் மிஷினில் சத்தத்தை அளக்கும் முள் கடைசிவரை போய் முட்டி நின்றது.

திரையில் நாயகி, தூக்கிக்கொண்டு வந்த படுக்கை விரிப்பைக் கொடியில் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சரி, வேலை போயிற்று என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றினார். மேடம் எழுந்து நின்றிருந்தாள். கண்கள் பளபளத்தன.

"இதுதான்! இந்த பயம்தான் எனக்கு வேணும்! இத்தனை வருஷம் இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

சொன்னதோடு விட்டாளா? கடைசிக் காட்சியின் தாளை எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலால் கிறுக்கத் தொடங்கினாள். தாளில் இருந்தபடி, அசல் படத்தில் கதவு திறந்ததும் கதாநாயகன் இரண்டே வரி பேசுவான். பிறகு ஒன்றரை நிமிடம் அவன் முதுகைத்தான் காட்டுவார்கள்.

"முதுகுதானே? அங்க நாம என்ன வேணாலும் பேசலாம். மூச்சு வேணும், நடுக்கம் வேணும், கடைசியில தைரியம் வரணும். அந்த முகத்தைப் பாத்துக்கிட்டே, அது அசையறதுக்கு ஏத்த மாதிரி நீங்க பேசணும். ஒரே டேக். நடுவுல வெட்டே கிடையாது."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இரண்டு வரியாக இருந்தது இப்போது ஒன்றே முக்கால் பக்கம்.

முகம் எப்படி இருக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் கொஞ்சம் தைரியம் வருமே என்று அவருக்குத் தோன்றியது. டீ இடைவேளையில் மலையிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏன் தம்பி, கடைசிக் காட்சியில அது... பாக்க எப்படி இருக்கும்?"

"என்னைக் கேட்டா?" மலை டீயை ஊதினார். "நான் முள்ளை மட்டும்தாண்ணே பாப்பேன். படத்தைப் பாத்தா முள்ளு எகிறிடும். எங்க தொழில் அப்படி."

மேடத்திடம் போனார்.

"அதெல்லாம் முன்னாடியே கேக்கக் கூடாது. தெரிஞ்சுட்டா நடிப்புல உயிர் இருக்காது. நானே இன்னும் பாக்கல. நாளைக்கு உங்களோட சேர்ந்துதான் பாக்கப்போறேன்."

கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, சின்ன வயசுல நம்ம ரெண்டு பேரும் ஒரு படம் பாத்தோமே. கதவைத் தட்டுவாங்களே..."

அக்காவின் குரல் தாழ்ந்தது. "எதுக்குடா இப்ப அது?"

"கதவைத் திறந்ததும் என்ன வந்துச்சுக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான் சீட்டுக்கடியில போயிட்டியே. இருட்டுல எவனாவது உன்னை மிதிச்சுட்டா? உன்னைப் பாத்துக்கலாம்னு நானும் கீழ வந்துட்டேன்."

"கடைசி வரைக்குமா?"

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்லடா!"

அக்கா போனை வைத்துவிட்டாள். கூட்டத்தின் மனத்தில் அந்த முகத்துக்கு இன்னும் இரண்டு கண்கள் முளைத்தன.

மிச்சமிருந்தது ஒரே வழி. கண்ணை மூடிக்கொண்டு, காதால் பேசுவது. மலையின் மிஷினிலிருந்து ஹெட்போனில் அசல் படத்தின் சத்தம் கேட்கும். எந்தச் சத்தத்துக்குப் பிறகு எத்தனை எண்ணி எந்த வார்த்தையை விட வேண்டும் என்று நெட்டுரு போட்டுவிட்டால், எதற்குப் பார்க்க வேண்டும்? அந்தக் காட்சியின் சத்தத்தை மட்டும் தன் போனில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?" என்றாள் மனைவி.

"இருளாட்டி போகுது. பூனைக்கு வேலை போகாம இருந்தா சரி. நீ கரண்டியை எடு."

அவள் சாப்பாட்டு மேஜையருகே மரக்கரண்டியோடு உட்கார்ந்தாள். அவர் பீரோவைப் பார்த்து நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். டொக், டொக், டொக் என்று அவள் மேஜையில் தட்ட வேண்டும். அவர் மூன்று எண்ணி, "யாரு?" என்பார். பிறகு ஐந்து எண்ணி அடுத்த வசனம். முதல் தடவை கரண்டி பட்டதும் துள்ளினார். ஏழாவது தடவை உதடு மட்டும் நடுங்கியது. பதினைந்தாவது தடவைக்குப் பிறகு குரல் நன்றாகவே சூடு பிடித்துவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். "தட்டு."

டொக். டொக். டொக்.

மூன்று எண்ணினார். "யாரு?"

"என்னங்க" என்றாள் மனைவி சன்னமாக. "நான் இன்னும் தட்டலை."

அவர் கண்ணைத் திறந்தார். கரண்டி அவள் கையில் அந்தரத்தில் நின்றது. சத்தம் வந்தது வாசல் கதவிலிருந்து.

வேறு சமயமாக இருந்தால் அவர் குளியலறைக்குள் ஓடியிருப்பார். ஆனால் பதினைந்து தடவை ஒத்திகை பார்த்த வாய் சும்மா இருக்குமா? அது தன்பாட்டுக்கு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டது.

"எந்தக் கிரகத்துலேருந்து வந்திருந்தாலும் சரி! என் உயிர் இருக்கறவரைக்கும் இந்த வீட்டுக்குள்ள நீ அடியெடுத்து வெக்க முடியாது!"

வெளியே ஒரு செருப்புச் சத்தம் இரண்டடி பின்வாங்கியது. பிறகு ஒரு முதிய குரல்.

"கீழ் வீட்டுலேருந்துதாங்க வந்திருக்கேன்... உங்க தபால் எங்க பெட்டியில விழுந்திருந்துச்சு..."

கதவின் அடியில் ஒரு கடிதம் நழுவி உள்ளே வந்தது. மாடிப்படியில் காலடிகள் வயசுக்கு மீறிய வேகத்தில் இறங்கின.

"போன வாரம்தான் குடிவந்தாரு, ரிட்டையர்டு தலைமையாசிரியர்" என்றாள் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு. "சர்க்கரை இருக்காம் அவருக்கு."

வெள்ளிக்கிழமை காலை குடியிருப்புச் செயலாளரின் கையெழுத்தோடு வாசலில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'குடும்பத் தகராறு இருப்பின் ஜன்னல்களைச் சாத்திக்கொள்ளவும். குடியிருப்பவர்களை வேற்றுக்கிரகவாசி என்று ஏசுவது தவிர்க்கப்பட வேண்டும்.'

அதைப் படித்துச் சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. செருப்பு மாட்டும்போது, மனைவி வந்து அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"நல்லபடியா பேசிட்டு வாங்க. ஒருவேளை வராட்டாலும் என்ன? உங்க 'ஐயோ அணை உடைஞ்சிடுச்சு'க்கு மேல ஒரு வசனம் இருக்கா?"

அவர் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டார். "நம்ம கல்யாணப் பத்திரிகையிலதான் கடைசியா என் பேரைப் பெரிசா அச்சடிச்சாங்க" என்றார். "இன்னொரு தடவை பாத்துடணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கடைசிக் காட்சி தவிர எல்லாம் முடிந்தது. மலை படத்தை அந்தக் காட்சியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மூடிய கதவு ஒன்று திரை நிறைய நின்றது. அது தெரிந்த கணமே கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டு வந்து ஒரே மூச்சுல முடிச்சிடலாம்" என்றாள் மேடம். விசித்திரமாக, அவளும் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள். எப்போதும் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடும் மலை ஒரு பேர் சாப்பாட்டோடு எழுந்தார். தன்னால் எத்தனை பேருக்கு மனக்கஷ்டம் என்று கூட்டம் குறுகிப் போனார். மணி மூன்று. சேனல் ஆள் வர இன்னும் ஒரு மணி நேரம்.

"உள்ள விளக்கை அணைச்சிடு மலை. மூடு வேணும்" என்றாள் மேடம்.

வசனத் தாளுக்கு மேலே இருந்த குட்டி விளக்கு மட்டும் எரிந்தது. கூட்டம் நிலைப்படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி மைக்கிடம் போனார். போகிற வழியில் கால் பட்டு ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து உருண்டது. ஹெட்போனைத் தடவி எடுத்து மாட்டினார். நெஞ்சு அடித்துக்கொள்வது மைக்கில் விழுந்துவிடுமோ என்று தோன்றியது.

"மலை, படம் போட்டாச்சா?"

"போட்டாச்சு மேடம். ஓடுது."

"கூட்டம், உங்களுக்கு நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது மேடம்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்கு மதியமே கிடைக்கவில்லை. ஆக, தண்டனை முன்கூட்டியே முடிந்திருந்தது.

காற்றுச் சத்தம். தரையில் காலடிகள். நான்கு, ஐந்து, ஆறு. காலடிகள் நின்றன.

டொக்.

ஏழு வயதில் பிடித்த அக்காவின் கை நினைவுக்கு வந்தது.

டொக்.

காலைத் தூக்கி வைத்துக்கொள்ள இங்கே சீட் இல்லை. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார்.

டொக்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"யாரு?"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. சன்னமாக, உடைந்து, உண்மையாக இருந்தது. ஐந்து எண்ணி, எந்தக் கிரகமானாலும் அடியெடுத்து வைக்க முடியாது என்ற வசனத்தையும் சொல்லி முடித்தார். தாழ்ப்பாள் நகரும் சத்தம். கதவு கீச்சிட்டது. வயலின்கள் கிறீச்சென்று ஏறின. இப்போது அது எதிரே நிற்கிறது. இமைக்கு அந்தப் பக்கம், ஆறடி தூரத்தில் நிற்கிறது. இமைகளை இன்னும் இறுக்கினார். ஓரங்களில் நீர் கசிந்தது. மூச்சு திணறித் திணறி வந்தது. மேடம் கேட்ட நடுக்கத்தை அவர் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"வா" என்றார். "வெளிச்சத்துக்கு வா. எத்தனை காலமா என்னை ஓட ஓட விரட்டினே? நான் தூங்காத ராத்திரி எத்தனைன்னு உனக்குத் தெரியுமா? இனிமே ஓட மாட்டேன். இதோ நிக்கறேன் பாரு. உன் கண்ணை நேருக்கு நேரா பாத்துச் சொல்றேன், எனக்கு உன்கிட்ட பயமில்ல! பயமில்ல! பயமே இல்ல!"

இசை ஓங்கி எழுந்து, அடங்கி, நின்றது. படம் முடிந்துவிட்டது.

கூட்டம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக் கதவு திறந்து மேடம் ஓடிவந்து விளக்கைப் போட்டாள். முகமெல்லாம் வேர்வை. பின்னாலேயே மலை.

"பிரமாதம்!" என்றாள் மேடம். "உதடு கோந்து போட்டு ஒட்டின மாதிரி ஒட்டிக்கிச்சு. ஒரு எழுத்து பிசகல! அந்த முகத்தோட ஒவ்வொரு அசைவுக்கும் உங்க மூச்சு அப்படியே பொருந்துதே! நான் இமை கொட்டாமப் பாத்தேன்."

"நானும்தாண்ணே" என்றார் மலை. "இன்னிக்கு முள்ளையே பாக்கல. படத்தை விட்டு கண்ணை எடுக்கவே முடியல."

கூட்டத்துக்குக் குற்ற உணர்ச்சி நெஞ்சைக் குத்தியது. "மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். எழுந்திருங்க. திரையில போடணும், உங்க பேரு என்ன? இருபத்திரண்டு வருஷத்துல நான் கேட்டதே இல்ல பாருங்க."

அவர் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னார். அவள் பென்சிலால் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள். உண்மையைச் சொல்லும் எண்ணம் அந்தக் கோட்டோடு முடிந்துபோனது.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா மேடம்?" என்றார் மலை, தரையைப் பார்த்தபடி.

"வேணாம்!" என்றாள் மேடம் சட்டென்று. "நல்லா வந்ததைத் திரும்பப் போட்டா கண்ணு பட்டுடும்."

"அதுவும் சரிதான்" என்றார் மலை, மிக வேகமாக.

"ஆனா அந்த முகம் இருக்கே!" மேடம் தோளைக் குலுக்கிக்கொண்டாள். "அப்பப்பா, அந்த ஒத்தைக் கண்ணு!"

"அந்தப் பல்லு மேடம்!" என்றார் மலை. "வரிசையா, ரம்பம் மாதிரி!"

இருவரும் கூட்டத்தைப் பார்த்தார்கள்.

"அதோட... நெத்தியில அந்த விளக்கு" என்றார் கூட்டம்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பலமாகத் தலையாட்டினார்கள்.

அப்போது, கவிழ்ந்த பாட்டிலின் தண்ணீரை எடுக்கத் துணியோடு உள்ளே வந்த தரை துடைக்கும் அம்மா, சுவரிலிருந்த டிவியைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க, அந்தக் கதவு எப்பத் திறந்துக்குமோன்னு பயந்துக்கிட்டு என்னால தரை துடைக்க முடியல. அதான் நீங்கல்லாம் சாப்பிடப் போனப்பவே அந்த டிவியை அணைச்சுட்டேன். ஆமா, இன்னும் யாரும் அதைப் போடவே இல்லியா?"